ஜாவா மொழியின் படிக்கட்டுகளும் அதில் ஏற மறுத்தவர்களும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவாக நடக்கும் சொற்பொழிவில் ஜாவா மொழியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "நம்ம பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு, ஜாவாவுக்கு எதுக்குத் தோழர் போகணும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பண்டிதர் சொற்களோடு சண்டை போட்டவர். நம்மை இழிவுபடுத்தும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் அதைப் புழக்கத்தில் விட்டார்கள், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். 'வேஷப் பிராமணர்' என்று எழுதி எதிராளியையும் தன் சொல்லால் பெயரிட்டவர். அவர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது 1907ஆம் ஆண்டு. அதே 1907இல், ஜாவாவின் தேக்கங்காட்டு ஓரத்தில் சாமின் சுரோசெந்திகோ என்ற ஒரு விவசாயியை டச்சு அரசு கைதுசெய்து நாடு கடத்தியது. பண்டிதர் மறைந்த 1914இலேயே அவரும் சுமத்ரா தீவில், சொந்த மண்ணைப் பார்க்காமல் இறந்துபோனார். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு எதுவும் தெரியாது. ஆண்டுகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இருவருடைய சண்டையும் ஒரே இடத்தில் நடந்தது. மேலே இருப்பவன் வகுத்த சொல்லை நாம் ஏன் பேச வேண்டும் என்பதே அந்தச் சண்டை. அதனால்தான் ஜாவாவுக்குப் போகிறோம்.

மொழியும் மக்களும்

தைவானில் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா வழியாகக் கிழக்கே பசிபிக் தீவுகள் வரையிலும், மேற்கே ஆப்பிரிக்கக் கரையோரத்து மடகாஸ்கர் வரையிலும் பரவிய மொழிக் குடும்பம் ஆஸ்திரோனேசியம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் அதில் உண்டு. அவற்றுள் தாய்மொழியாகப் பேசுவோர் எண்ணிக்கையில் மிகப் பெரியது ஜாவா மொழி. ஜாவா தீவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலுமாக ஏழெட்டுக் கோடிப் பேர் பேசுகிறார்கள். நம் மணிமேகலையில் வரும் 'சாவகம்' இந்தத் தீவுகளின் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதன் பழைய இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இவ்வளவு இருந்தும், இந்தோனேசிய அரசின் கணக்கில் அது ஒரு 'வட்டார மொழி'. நாட்டின் மொழி, மலாயிலிருந்து உருவான இந்தோனேசிய மொழி. 1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில் கூடிய இளைஞர்கள் 'ஒரே தாயகம், ஒரே தேசம், ஒற்றுமைக்கு ஒரே மொழி' என்ற கருத்தில் உறுதிமொழி எடுத்தபோது, மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த ஜாவா மக்களின் மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிகச் சிறுபான்மையினர் மட்டுமே தாய்மொழியாகப் பேசிய மலாயைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்த ஜாவாக்காரர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

மொழிக்காக உயிர் கொடுத்த மரபு உள்ள நமக்கு இது புரியாத புதிராகத் தெரியும். பெரும்பான்மை மக்கள் தங்கள் மொழியை ஏன் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தார்கள்? மலாய் ஏற்கெனவே தீவுகளுக்கிடையே சந்தை மொழியாக இருந்தது, டச்சு நிர்வாகமும் அதைப் பயன்படுத்தியது என்பது ஒரு காரணம். எண்ணிக்கையில் பெரிய இனத்தின் மொழி மற்றவர்கள் மேல் ஏறி உட்காரக் கூடாது என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் ஜாவா மொழிக்குள்ளேயே இருந்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மூன்று சொல்

ஜாவா மொழியில் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். எதிரில் இருப்பவர் எனக்கு மேலா, கீழா, சமமா? அந்தக் கணக்கு முடியாமல் 'சாப்பிட்டாச்சா' என்றுகூடக் கேட்க முடியாது.

அடிப்படைப் பேச்சுக்கு 'ங்கோக்கோ' என்று பெயர். நெருங்கியவர்களிடமும் கீழே இருப்பவர்களிடமும் பேசுவது. மேலே இருப்பவர்களிடமும் அறிமுகமில்லாத பெரியவர்களிடமும் பேசுவது 'க்ரமா'. நம் 'வரிசைக்கிரமம்' என்பதில் இருக்கும் கிரமம்தான் அது. இவை போக 'க்ரமா இங்கில்' என்று சில நூறு சொற்கள் உண்டு. உயர்ந்தவருடைய உடம்பு, உடைமை, செயல் ஆகியவற்றைக் குறிக்க மட்டுமே அவை. அவற்றைத் தன்னைப் பற்றிச் சொல்ல யாரும் பயன்படுத்தக் கூடாது.

சாப்பிடுவது ங்கோக்கோவில் 'மங்ஙான்', க்ரமாவில் 'நெடா', உயர்ந்தவர் சாப்பிட்டால் 'டஹார்'. தூங்குவது 'துரு', 'திலெம்', 'சாரே'. வீடு 'ஓமா', 'க்ரியா', 'டாலெம்'. தலை நமக்கு இருந்தால் 'எண்டாஸ்', கொஞ்சம் மரியாதையாக 'சிராஹ்', பெரியவர்களுக்கு 'முஸ்தகா'. சிரமும் மஸ்தகமும் நமக்குப் பழக்கமான சொற்கள். மேல்படிக்கு ஏற ஏற சமஸ்கிருதம் வந்து உட்கார்ந்துகொள்வது நமக்குப் பழக்கமான கதையும்கூட.

நம்மில் பலர் "இது மரியாதைதானே, தமிழிலும் நீ, நீங்கள் இருக்கிறதே" என்று நினைக்கலாம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ங்கோக்கோவில் 'நான்' என்பதற்கு 'அக்கு'. க்ரமாவில் 'குலா'. இந்தக் குலா, அடிமை அல்லது குடிபடை என்று பொருள்படும் 'கவுலா' என்ற சொல்லிலிருந்து வந்தது. மேலானவர்முன் 'நான்' என்று சொல்லும்போதெல்லாம் 'அடியேன்' என்றுதான் சொல்லியாக வேண்டும். 'நீங்கள்' என்பதற்கான 'சம்பேயான்' என்ற சொல்லுக்கு உயர்ந்தவரின் பாதம் என்று பொருள். அரசரை விளிக்கும் 'பாதுகா' நம் பாதுகையேதான். ஆக, பேசுபவன் அடிமை. கேட்பவர் பாதம், இன்னும் மேலே போனால் செருப்பு. தினசரிப் புழக்கத்தில் இந்த மூலப்பொருள் யாருக்கும் நினைவுக்கு வராது என்பது உண்மை. ஆனாலும் சொல்லின் உடம்புக்குள் அந்தக் கும்பிடு உறைந்திருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் ங்கோக்கோவில் பேசுவார். கீழே இருப்பவர் க்ரமாவில் பதில் சொல்ல வேண்டும். ஒரே உரையாடலில் இரண்டு மொழி. அதிகாரி வீட்டுச் சிறுபிள்ளை வயதான வேலைக்காரரிடம் ங்கோக்கோவில் பேசும். அவர் அந்தப் பிள்ளைக்கு க்ரமாவில் பதில் சொல்வார். நம் பாட்டன்மாரை நிலக்கிழார் வீட்டுப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதையும், அவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சின்ன ஆண்டே' என்று பதில் சொன்னதையும் இங்கே யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஜாவாவில் இருந்தது நம்முடைய சாதி முறை கிடையாது. அங்கே தீண்டாமை இல்லை, ஊர் சேரி என்ற பிரிவு இல்லை. 'ப்ரியாயி' எனப்பட்ட அதிகாரி வகுப்பும், 'வோங் சிலிக்' எனப்பட்ட சிறிய மனிதர்களும் இருந்தார்கள். பிறப்புக்கு அதில் பெரும் பங்கு உண்டு; ஆனாலும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. சாதியும் அதுவும் ஒன்று என்று சொன்னால் நம் அனுபவத்தையும் அவர்கள் அனுபவத்தையும் சேர்த்தே குழப்பிவிடுவோம். ஆனால் அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை, ஒருவருக்கு மேல் ஒருவர் என்று அடுக்கப்பட்ட ஏற்பாட்டை, இலக்கணமாகவே எழுதி வைத்த மொழி எது என்று கேட்டால், ஜாவா மொழியைக் காட்டலாம்.

படிக்கட்டைக் கட்டியவர்கள்

இது அனாதிகாலமாக இருப்பது என்று சொல்வார்கள். படிநிலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதே பதில்தான். ஆனால் பழைய ஜாவா இலக்கியத்தில் மரியாதைச் சொற்கள் இருந்தாலும், இப்படி மொழியையே இரண்டாகப் பிளக்கும் ஏற்பாடு இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மாத்தராம் அரசவையைச் சுற்றித்தான் இது வளர்ந்தது. டச்சுக் கம்பெனியின் பிடி இறுகி, 1755இல் அந்த அரசே சுரகர்த்தா, யோக்யகர்த்தா என்று இரண்டாக உடைந்த பிறகு இன்னும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டது. கையிலிருந்த அதிகாரம் போகப் போக, அரசவைகள் பேச்சில் உயரத்தைக் கட்டிக்கொண்டன என்று பெனடிக்ட் ஆண்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

டச்சுக்காரர்கள் இதை இடிக்கவில்லை. அவர்களுக்கு இது வசதியாக இருந்தது. 1830இல் கட்டாயப் பயிர் முறை வந்தது. விவசாயி தன் நிலத்தில் ஒரு பங்கில் அரசுக்காகக் கரும்பும் அவுரியும் பயிரிட வேண்டும். காப்பிக்கு உழைப்பும் கொடுக்க வேண்டும். அந்த ஆணை ஊர் ஊராக இறங்கியது ப்ரியாயிகள் வழியாக. 1832இல் சுரகர்த்தாவில் ஜாவா மொழி நிறுவனம் ஒன்றை டச்சு அரசு அமைத்தது. அரசவை நகரத்தின் மொழி பாடப்புத்தக மொழியானது. கடற்கரை, பன்யூமாஸ், தெகல் பகுதிகளின் பேச்சு 'கரடுமுரடு' ஆனது. இன்றைக்கும் இந்தோனேசியத் தொலைக்காட்சி நகைச்சுவையில் வீட்டு வேலைக்காரப் பாத்திரம் தெகல் உச்சரிப்பில் பேசுவதைப் பார்க்கலாம். நம் சினிமாவில் சென்னைத் தமிழை யார் வாயில் வைக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிக்கட்டின் உச்சியில் ஏறிக்கொண்டவர் டச்சு அதிகாரி. ஜாவாக்காரர் அவரிடம் டச்சு மொழியில் பேசக் கூடாது. தரையில் அமர்ந்து க்ரமாவில்தான் பேச வேண்டும். அவர் அரைகுறை மலாயில் பதில் சொல்வார். ஜெப்பாரா ஆட்சியாளரின் மகளான கார்த்தினி, 1900ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு செய்தியைச் சொல்கிறார். பள்ளியில் முதலிடம் பெற்ற ஒரு ஜாவா இளைஞர், உயர் அதிகாரியிடம் நல்ல டச்சு மொழியில் பேசிவிட்டார். மறுநாளே மலைப்பகுதி அலுவலகம் ஒன்றுக்கு எழுத்தராகத் தூக்கி எறியப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து அங்கே அதிகாரியாக வந்தவர், அவரோடு படித்த மக்கு மாணவர், வெள்ளைக்காரர். முதல் மாணவர் கடைசி மாணவரின் முன் தரையில் தவழ்ந்து க்ரமா பேச வேண்டியதாயிற்று.

கார்த்தினியும் மேல்தட்டுக்காரர்தான். அவர் வீட்டில் தங்கைகள் அக்காவைக் கடக்கும்போது தவழ வேண்டும், அக்காவிடம் உயர்மொழியில்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். தன்னிலிருந்து கீழே அந்த வழக்கம் வேண்டாம் என்று தங்கைகளோடு சேர்ந்து அதை நிறுத்தினார். 25 வயதில் இறந்துபோன அந்தப் பெண் வீட்டுக்குள் தொடங்கிய மாற்றத்தை மதிக்கிறோம். ஆனால் அவர் மேலேயிருந்து இறங்கி வந்தவர். கீழேயிருந்து மறுத்தவர்களின் கதை வேறு.

கீழிருந்து வந்த மறுப்பு

ப்ளோரா மாவட்டம் தேக்கங்காடுகள் நிறைந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் விறகுக்கும் வீட்டு மரத்துக்கும் போன காட்டை அரசு வேலி போட்டு எடுத்துக்கொண்டது. வரியை ஏற்றியது. 1890 வாக்கில் சாமின் பேசத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி. நிலமும் நீரும் மரமும் எல்லோருக்கும் பொது. வரி கட்ட வேண்டியதில்லை. இலவச வேலை செய்ய வேண்டியதில்லை. 1907 வாக்கில் அவரைப் பின்பற்றியவர்கள் சுமார் 3,000 பேர்.

அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. மொழியை எடுத்தார்கள். ஊர்த்தலைவரோ டச்சு அதிகாரியோ யார் வந்தாலும் ங்கோக்கோவிலேயே பேசினார்கள். எல்லோரிடமும் 'அக்கு', 'கோவே': நான், நீ. இதற்கு மேல் படி கிடையாது. அதிகாரி கேட்கும் கேள்விக்குச் சொல்லின் நேர்ப்பொருளில் பதில் சொன்னார்கள். 'எங்கிருந்து வருகிறாய்' என்றால் 'பின்னாலிருந்து'. எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாத பதில்கள். நிலத்தை அளக்க சர்வேயர் வந்தபோது தங்கள் நிலத்தில் படுத்துக்கொண்டு 'இது எனக்குள்ளது' என்று கத்தினார்கள். அதிகாரிகள் இவர்களை முட்டாள்கள் என்று எழுதிவைத்தார்கள். ஜாவாவில் 'சாமின்' என்ற பெயரே நெடுங்காலம் மடையனுக்கான வசைச்சொல்லாக இருந்தது. நம் பெயர்களுக்கு நேர்ந்ததேதான் இது. அவர்களோ தங்களைச் 'செதுலூர் சிக்கெப்' என்று அழைத்துக்கொண்டார்கள். செதுலூர் என்றால் உடன்பிறப்பு.

தலைவரை நாடு கடத்திய பிறகும் அந்தச் சமூகம் அழியவில்லை. கெண்டெங் மலைப்பகுதியில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக் குன்றுகளை வெட்ட வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் சிக்கெப் மக்களும் இருந்தார்கள். 2016 ஏப்ரலில் அந்தப் பகுதி விவசாயப் பெண்கள் ஒன்பது பேர் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகை எதிரே தங்கள் பாதங்களைச் சிமெண்ட்டில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் படுத்தவர்களின் வழி இன்னும் அந்த மண்ணில் இருக்கிறது.

நகரத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1917இல் சுரபாயாவில் 'ஜாவா தீப்பா' என்ற இயக்கம் தொடங்கியது. அதன் கோரிக்கை நேரானது: க்ரமாவை ஒழிப்போம், எல்லோரும் எல்லோரிடமும் ங்கோக்கோவில் பேசுவோம். எல்லோரையும் மேலே ஏற்றி க்ரமா பேச வைத்தாலும் சமத்துவம்தானே என்று கேட்கலாம். அறிமுகமில்லாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் க்ரமா பேசிக்கொள்வது அங்கே வழக்கம்தான். ஆனால் அந்தச் சமத்துவம் இருவரும் ஒருவருக்கொருவர் அடிமை என்று சொல்லிக்கொள்ளும் சமத்துவம். மேலும் க்ரமாவுக்கென்று தனிச்சொற்கள் சில நூறுதான். மீதி மொழி முழுவதும் ங்கோக்கோவே. ங்கோக்கோ இல்லாமல் க்ரமாவில் ஒரு வாக்கியம்கூட அமையாது. க்ரமா இல்லாமல் ங்கோக்கோவில் எல்லாவற்றையும் சொல்லலாம். உழைப்பவனுடைய பேச்சின் மேல்தான் உயர்ந்தவனுடைய பேச்சு நின்றுகொண்டிருந்தது.

ஜாவா தீப்பா வெற்றி பெறவில்லை. படித்தவர்களில் பலர் அது நாகரிகத்தையே அழிக்கும் என்று அஞ்சினார்கள். ஏழைகளிலும் பலருக்குத் தைரியம் வரவில்லை. மேலானவரிடம் ங்கோக்கோ பேசினால் அடி விழும், வேலை போகும். இயக்கம் ஒன்றின் தீர்மானத்தால் மட்டும் நாக்கு திரும்பிவிடாது என்பதை நாமும் அறிவோம்.

வெளியேறியவர்களும் கூடவே வந்த படிக்கட்டும்

படிக்கட்டை இடிக்க முடியாதவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மலாயில் 'நான்' என்றால் நான்தான்; ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் மூன்று படி கிடையாது. இதழாளர் மாஸ் மார்கோ கார்த்தோதிக்ரோமோ மலாயில் எழுதினார். 'சம ராத்தா, சம ராசா' என்ற முழக்கத்தைப் பரப்பினார். எல்லோரும் சமமான தரை, எல்லோருக்கும் சமமான உணர்வு என்பது அதன் கருத்து. பின்னர் போவன் டிகூல் முகாமில் கைதியாகவே இறந்தார். சாமின் மண்ணான ப்ளோராவில் பிறந்த நாவலாசிரியர் பிரமோத்யா அனந்த தூர், ஜாவா மொழியை விட்டு இந்தோனேசிய மொழியில் எழுதினார். புரு தீவுச் சிறையில் சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிப் பின்னர் எழுதி 1980இல் வெளியான 'பூமி மனுசியா' நாவலில், படித்த இளைஞன் ஒருவன் மாவட்ட ஆட்சியாளரின் முன் தவழ்ந்து போகிறான். அந்த ஆட்சியாளர் அவனுடைய அப்பா.

ஆகவே 1928இல் இளைஞர்கள் மலாயை ஏற்றது தாய்மொழிக்குச் செய்த துரோகம் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அடிமை என்று சொல்லாமல் 'நான்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. விடுதலைப் போராட்டக் காலத்தில் நாட்டின் முதல் தலைவரையே 'புங் கர்னோ', கர்னோ அண்ணன், என்று எல்லோரும் அழைத்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1965, 66இல் லட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்துவிட்டு சுகார்த்தோவின் ஆட்சி வந்தது. 'புங்' மறைந்து 'பாப்பாக்', ஐயா, தந்தையே என்ற விளி எங்கும் நிறைந்தது. அரசு இந்தோனேசிய மொழியிலேயே ஒரு க்ரமாவை உருவாக்கியது. கைது செய்தால் 'பாதுகாப்பாக வைக்கப்பட்டார்'. விலையை ஏற்றினால் 'சரிசெய்யப்பட்டது'. மொழி மாறியது, கும்பிடு வேறு உடை போட்டுக்கொண்டு வந்தது. ஆங்கிலத்துக்குப் போய்விட்டால் சாதி தொலைந்துவிடும் என்று நம்பும் நம் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். போவதில் தவறில்லை. போன இடத்திலும் விழித்திருக்க வேண்டும்.

வேறொரு வெளியேற்றமும் நடந்தது. 1890 ஆகஸ்டில் 94 ஜாவாக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னமெரிக்காவின் சுரிநாமில் இறங்கினார்கள். 1939 வரை சுமார் 33,000 பேர் அப்படிப் போனார்கள். நம் மக்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் நாட்டாலுக்கும் கப்பலேறிய காலத்தை ஒட்டியது இது. போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். தோட்டத்தில் எல்லோரும் கூலிதான். வணங்குவதற்கு அரசவை இல்லை. அங்கே க்ரமா சுருங்கிப்போனது. பெரியவர்களிடமும் சடங்குகளிலும் சில சொற்கள் மட்டும் தங்கின. அன்றாட மொழி ங்கோக்கோ ஆனது. ஜாவா தீப்பா கேட்டது, கடல் கடந்த கூலிகளிடையே கேட்காமலே நடந்தது. இன்று சுரிநாம் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் ஜாவா வம்சாவளியினர். படி இல்லாததால் அங்கே மொழி செழித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இளையோர் டச்சுக்கும் ஸ்ரனனுக்கும் மாறிவருகிறார்கள். மொழியைக் காக்கப் பள்ளியும் வேலையும் அரசும் தேவை. சமத்துவம் மட்டும் போதாது. ஆனால் படி இல்லாமல் ஜாவா மொழி இருக்க முடியும் என்பதற்குச் சுரிநாம் சான்று.

இன்றைய ஜாவாவும் நம் வேலையும்

இன்று ஜாவாவின் நகரங்களில் ஏராளமான பெற்றோர் பிள்ளைகளிடம் இந்தோனேசிய மொழியிலேயே பேசுகிறார்கள். படிப்பும் வேலையும் முக்கியக் காரணம். அதோடு, ங்கோக்கோ மட்டும் தெரிந்த பிள்ளை பெரியவர்களிடம் வாய் திறந்தால் அவமானம், க்ரமா கற்பிக்கத் தங்களுக்கே தெரியாது, எனவே இந்தோனேசியமே பத்திரம் என்கிறார்கள். குறிப்பாக இளம்பெண்கள் அந்த மொழியில் மூச்சு விட முடிகிறது என்று உணர்வதை ஆய்வுகள் காட்டுகின்றன. பள்ளியில் ஜாவா மொழிப் பாடம் உண்டு. அங்கே பிள்ளை முதலில் கற்பது தான் பேசுவது தப்பு என்பதை. மரியாதைப் பேச்சு தெரியாத குழந்தையைப் பார்த்து 'துரூங் ஜாவா', இன்னும் ஜாவா ஆகவில்லை, என்று சொல்வது பழைய வழக்கம். தன் தாயின் பேச்சைப் பேசும் குழந்தையைப் பார்த்து 'நீ இன்னும் எங்கள் ஆள் ஆகவில்லை' என்று ஒரு மொழி சொன்னால், அந்தக் குழந்தை வேறு மொழியைத் தேடிப் போகத்தான் செய்யும்.

மொழி அழிகிறது என்று அங்கே கவலைப்படுபவர்களும், க்ரமா அழிகிறது என்றுதான் பெரும்பாலும் கவலைப்படுகிறார்கள். ங்கோக்கோவைக் காப்பாற்றுங்கள் என்ற குரல் மெல்லியதாகவே கேட்கிறது. நாம் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. மொழியைக் காப்போம் என்று யார் அழைத்தாலும் நாம் போவோம். ஆனால் எதைக் காக்கிறோம் என்று கேட்டுவிட்டுப் போவோம். தமிழ் நம்முடையது. நம் பாட்டிகளின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வயல்காட்டுப் பேச்சிலும் வளர்ந்தது. அதைக் 'கொச்சை' என்று ஒதுக்கி மீதியை மட்டும் செந்தமிழ் என்று காப்பது ங்கோக்கோவை விட்டுவிட்டு க்ரமாவைக் காப்பது போன்றது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கிறோம். உங்கள் ஊரில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில், ரேஷன் கடையில், வட்டாட்சியர் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், களத்துமேட்டில் 'வாங்க' யாருக்கு, 'வா' யாருக்கு, 'வாடா' யாருக்கு? தூய்மைப் பணியாளரான அம்மாவை அலுவலகத்தில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவர் எல்லோரையும் என்னவென்று கூப்பிடுகிறார்? வயது, சாதி, பதவி என்று பிரித்து, தேதியோடு எழுதுங்கள். பத்து ஊர்க் குறிப்புகள் சேர்ந்தால் அது ஆய்வு. நூறு ஊர்க் குறிப்புகள் சேர்ந்தால் அதை வைத்துக் கேள்வி கேட்கலாம். இதழ் நடத்திய பண்டிதர் ஒவ்வொரு வாரமும் செய்துவந்த வேலையின் தொடர்ச்சிதான் இது.

எழுதும்போதே இன்னொன்றையும் செய்யுங்கள். 'வா' என்பவரிடம் 'வாங்க என்று சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அவர் மறுத்தால், நாமும் அவரைப் போலவே பேசலாம். ப்ளோரா விவசாயிகள் டச்சு அதிகாரியிடம் அப்படித்தான் பேசினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதில்லை. நமக்கும் சிறியதாக இருக்காது. தனியாகச் செய்யாதீர்கள், சேர்ந்து செய்யுங்கள்.